மூளைக்குப் பயிற்சியா, சட்டைப் பொத்தானுக்குப் பயிற்சியா

எங்கள் பையனுக்கு இப்போது 11 வயது. ஆட்டிசம், கூடவே ஏ.டி.எச்.டி (கவனம் நிற்காமை, அளவுக்கு மீறிய துறுதுறுப்பு). பேசுவான், அவனுக்குத் தேவைப்படும்போது மட்டும். கை கால் ஒத்துழைப்பில்தான் சிக்கல் அதிகம். சட்டைப் பொத்தான் போடுவது, படியிறங்குவது, பந்தைப் பிடிப்பது எல்லாம் அவன் வயதுப் பிள்ளைகளைவிட ரொம்பப் பின்னால். பாளையங்கோட்டையில் இருக்கிறோம். நான் டாக்டரும் இல்லை, தெரபிஸ்டும் இல்லை, கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். 'மூளைப் பயிற்சி', 'பிரெயின் பேஸ்டு எக்ஸர்சைஸ்' என்று பல பெயரில் வரும் தெரபிகளுக்குப் பணம் கட்டலாமா என்று என்னிடம் கேட்கிற பெற்றோர் வருடத்துக்கு வருடம் கூடுகிறார்கள். போனில் அவசரமாகச் சொல்வதையெல்லாம் ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உடற்பயிற்சிக்கு நான் எதிரி கிடையாது. எங்கள் பையன் ஒரு நாள் ஓடி ஆடவில்லை என்றால் அன்று ராத்திரி வீட்டில் யாரும் தூங்க முடியாது. ஓடியாடிய பின் ஏ.டி.எச்.டி உள்ள பிள்ளைகளுக்குச் சற்று நேரம் கவனம் கூடுகிறது, நன்றாக மூச்சு வாங்க விளையாடிய பின் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் கொஞ்ச நேரம் குறைகின்றன என்பதற்கெல்லாம் ஆய்வுகள் இருக்கின்றன. நான் பேசப்போவது வேறு வகையைப் பற்றி. பிள்ளையின் மூளையில் ஏதோ ஒரு இடம் சரியாக வளரவில்லை, அல்லது இடது பாதியும் வலது பாதியும் ஒத்துப்போகவில்லை, அதனால் குறிப்பிட்ட சில அசைவுகளைத் தினமும் செய்தால் அந்த இடம் விழித்துக்கொள்ளும், விழித்துக்கொண்டால் பேச்சு, படிப்பு, கவனம், குணம் எல்லாம் தானாக வந்துவிடும் என்று சொல்லும் வகை. முன்பாதிக்குத் தலையாட்டிவிடலாம். அந்தக் கடைசிப் படிதான் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

அவனுக்கு ஐந்து வயது இருக்கும்போது அப்படி ஒரு சென்டருக்குப் போனோம். என் நாத்தனாரின் தோழி ஒருவர் சொல்லித்தான். முதல் நாள் அசெஸ்மென்ட் ரொம்ப நேரம் நடந்தது. ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார்கள், பேனாவை இப்படி அப்படி நகர்த்தி அவன் கண் கூடவே போகிறதா என்று பார்த்தார்கள், குதிரை மாதிரி நாலு காலில் நிற்க வைத்துத் தலையைத் திருப்பி முழங்கை மடங்குகிறதா என்று பார்த்தார்கள். பிறகு லேப்டாப்பில் ஒரு மூளைப் படம். ஒரு பாதி பச்சை, ஒரு பாதி சிவப்பு. "ரைட் பிரெயின் வீக்காக இருக்கிறது மேடம், குழந்தை தவழாமலே நடந்திருப்பானே?" என்றார்கள். நிஜம்தான், உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து ஒரு நாள் எழுந்து நடந்துவிட்டான். என் கணவர் அசந்துபோனார். நான் மட்டும், "ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லையே மிஸ், எந்தப் பாதி வீக் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அசைவை வைத்தே சொல்லிவிடலாம் என்றார்கள். ரோட்டில் குண்டும் குழியும் சரியானால் வண்டி தானாக ஓடும், அதுபோலத்தான் என்று ஒரு விளக்கமும் வந்தது. ஆறு மாதப் பேக்கேஜ், முழுப் பணமும் முன்னாடியே கட்டினால் தள்ளுபடி. மாதாமாதம் கட்டுகிறோம் என்று சொல்லிச் சேர்த்தோம்.

அங்கே வேலை பார்த்த பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன், பிரியமாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ட்ராம்போலின் அவனுக்கு உயிர். பிரச்சினை வீட்டுக்குக் கொடுத்த பட்டியலில். காலையில் தவழ வேண்டும், அதிலும் வயிறு தரையில் படும்படி ஒரு தவழல், முட்டி போட்டு ஒரு தவழல். அப்புறம் மல்லாக்கப் படுக்க வைத்துக் கை காலை மாற்றி மாற்றி நாங்கள் அசைக்க வேண்டும். அப்புறம் ஒரு கண்ணை மூடி டார்ச் பார்க்க வேண்டும். சாயங்காலமும் இதே. ஒரு நாள் தவறினால் முந்தின வாரம் செய்ததெல்லாம் வீணாகிவிடும் என்று வேறு சொல்லியிருந்தார்கள், இந்த மாதிரி மிரட்டலைக் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம் என்பது என் கருத்து. அவன் அழுதான், உதைத்தான். என் மாமியார், அவன் ஆச்சி, "பிள்ளையைப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்துதீங்க" என்று அடுக்களையிலிருந்து சத்தம் போடுவார். சின்னவள் அப்போது எல்.கே.ஜி, அவள் என்ன எழுதினாள், என்ன சாப்பிட்டாள் என்று பார்க்க ஆள் இல்லை.

அந்த நாட்களில் ராத்திரி உட்கார்ந்து நிறையப் படித்தேன். எங்களுக்குக் கொடுத்த அந்தக் கை கால் அசைக்கும் முறை புதிதே இல்லை, எனக்கு அது தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் கிளென் டோமன் என்ற பிசியோதெரபிஸ்ட் 1955-இல் ஒரு நிறுவனம் தொடங்கினார், கார்ல் டெலகாட்டோ என்ற கல்வியாளர் உடன் சேர்ந்தார். ஊர்வது, தவழ்வது, நடப்பது என்ற வரிசையில்தான் மூளை வளரும், இடையில் ஒரு படி விட்டுப்போனால் திரும்ப அந்தப் படிக்குப் போய்ச் செய்ய வைத்தால் மூளை சரியாகிவிடும் என்பது அவர்களுடைய கொள்கை. பேட்டர்னிங் என்று பெயர். ஒரு பிள்ளையைச் சுற்றி நாலைந்து பெரியவர்கள் நின்று தலை, கை, கால் எல்லாவற்றையும் பிடித்து அசைப்பார்கள், ஒரு நாளில் பல தடவை, வாரம் முழுக்க. அக்கம்பக்கத்தார், தேவாலயத்துக்கு வருபவர்கள் எல்லாரும் முறை போட்டு வந்து உதவினார்களாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 1968-லேயே இதை எச்சரித்தது, 1982-லும் 1999-லும் திரும்ப எழுதியது. பலன் இருப்பதாக நிரூபணம் இல்லை என்பதோடு நிற்காமல், குடும்பத்தின் பணமும் உறவுகளும் கரைந்துபோகும் அளவுக்கு இந்த முறை பெற்றோரிடம் கேட்கிறது என்றும் அந்த அறிக்கையில் இருக்கிறது. அதைப் படித்தபோது எங்கள் ஹாலைப் பற்றி யாரோ எழுதியது போலத்தான் இருந்தது.

தவழாத விஷயத்துக்கும் வருகிறேன், ஏனென்றால் தாய்மார்களை அதிகம் குத்துவது அதுதான். தவழாமலே நேராக நடந்துவிடும் பிள்ளைகள் எத்தனையோ பேர், பெரும்பாலோர் ஒரு குறையும் இல்லாமல் வளர்கிறார்கள். 2022-இல் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி, குழந்தைகள் எந்த வயதில் என்ன செய்வார்கள் என்ற தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்வதையே அதிலிருந்து எடுத்துவிட்டது. நீங்கள் வாக்கர் வாங்கிக் கொடுத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள். வாக்கர் நல்லதில்லை என்பது உண்மை, விழுந்து அடிபடும் என்பதற்காக. ஆட்டிசத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

முழங்கை மடங்குகிறதா என்று பார்த்தார்களே, அதற்கும் ஒரு கதை உண்டு. பிறந்த குழந்தைக்குச் சில அனிச்சைச் செயல்கள் இருக்கும், சத்தம் கேட்டால் கை விரித்துத் திடுக்கிடுவது, தலை திரும்பிய பக்கம் கை நீள்வது மாதிரி. ப்ரிமிட்டிவ் ரிஃப்ளெக்ஸ் என்பார்கள். முதல் வருடத்துக்குள் அவை மறைந்துவிட வேண்டும். சில பிள்ளைகளிடம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். நரம்பியல் டாக்டரும் இதைப் பார்ப்பார், மூளை முடக்குவாதம் மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. இந்த மிச்சத்தைப் போக்கினால் படிப்பு வரும் என்பது இன்னொரு கொள்கை, இங்கிலாந்தின் செஸ்டரில் 1975-இல் தொடங்கியது. இந்தப் பக்கம் ஆதாரமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வட அயர்லாந்தில் வாசிப்புச் சிரமம் உள்ள 60 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2000-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது, அதில் அசைவுப் பயிற்சி செய்த பிள்ளைகள் வாசிப்பில் முன்னேறினார்கள். ஆனால் 60 பிள்ளைகள், அதுவும் வாசிப்புச் சிரமம் உள்ளவர்கள். அதைக் காட்டி நாலு வயது ஆட்டிசக் குழந்தைக்குப் பேச்சு வரும் என்று விற்பது எந்தக் கணக்கில் சேரும்?

பணத்தைப் பொறுத்தவரை எனக்கு மறக்காத கதை டோர் புரோகிராம்தான். வின்ஃபோர்ட் டோர் பிரிட்டனில் பெயின்ட் தொழில் செய்து சம்பாதித்தவர், டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமம் இருந்த தன் மகளுக்காக ஆரம்பித்தார். சிறுமூளையைத் தூண்டுகிறோம் என்று பேலன்ஸ் போர்டில் நிற்பது, பீன் பேக்கைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பது என்று தினமும் இரண்டு வேளை பயிற்சி. ஆதரவாக வந்த ஆய்வை வெளியிட்ட இதழின் ஆசிரியர் குழுவிலிருந்தே சிலர் எதிர்ப்புத் தெரிவித்து விலகினார்கள். 2008-இல் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் மையங்கள் மூடப்பட்டன, மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டியிருந்த பெற்றோர் நடுவழியில் நின்றார்கள். மகள் மேல் அவருக்கு இருந்த அக்கறை உண்மையாகத்தான் இருக்க வேண்டும். பல தெரபிகள் இப்படி ஒரு அப்பாவோ அம்மாவோ தன் பிள்ளைக்காகத் தேடியதில் பிறந்தவைதான், அதனால்தான் அவற்றைச் சந்தேகிக்க நமக்கு வாய் வருவதில்லை.

நம் ஊர்ப் பள்ளிகளில் அதிகம் புழங்குவது பிரெயின் ஜிம். கலிஃபோர்னியாவின் பால் டென்னிசன் உருவாக்கியது. வலது முழங்கையால் இடது முட்டியைத் தொடுவது, காரை எலும்புக்குக் கீழே தேய்ப்பது. அங்கே தேய்த்தால் மூளைக்கு ரத்தம் அதிகம் போகுமாம். பதப்படுத்திய உணவில் தண்ணீரே கிடையாது என்றெல்லாம் அவர்களுடைய ஆசிரியர் கையேட்டில் இருந்ததாகப் படித்துச் சிரித்தேன். 2008-இல் பிரிட்டிஷ் நரம்பியல் சங்கம், உடலியங்கியல் சங்கம் எல்லாம் சேர்ந்து அங்குள்ள கல்வி அதிகாரிகளுக்கு இதில் அறிவியல் இல்லை என்று எழுதின. வகுப்பு நடுவே பிள்ளைகள் எழுந்து நாலு நிமிடம் கை காலை ஆட்டினால் நல்லதுதான், யார் வேண்டாம் என்றது? இடது கையும் வலது காலும் மாறி மாறிப் போவதுதான் மூளையின் இரு பாதியையும் இணைக்கும் என்றால், தெருமுனை வரை நடந்தாலே அது நடந்துவிடுகிறதே.

தோப்புக்கரணத்தைச் சொல்லாமல் விட்டால் ஆச்சி கோபித்துக்கொள்வார். பிள்ளையார் கோயிலில் காலங்காலமாகப் போடுவதை 'சூப்பர் பிரெயின் யோகா' என்று பெயர் மாற்றி, பிலிப்பைன்ஸைச் சேர்ந்த சோவா கோக் சூய் என்ற பிராண சிகிச்சை குரு பரப்பினார். காது மடலைப் பிடித்தால் மூளை தூண்டப்படும், ஆட்டிசத்துக்கும் நல்லது என்ற வீடியோ ஒவ்வொரு குடும்பக் குழுவிலும் சுற்றி வந்திருக்கும். எங்கள் பையன் தோப்புக்கரணம் போடுவான். ஆச்சி எண்ண, அவன் கூட எண்ண, பத்துக்கு மேல் சிரிப்பு வந்துவிடும் இருவருக்கும். தொடை வலுவாகும், எண்ணிக்கை பழகும், காசு செலவில்லை. அதற்கு மேல் எதையும் நான் அதனிடம் கேட்பதில்லை.

சரி, சென்டரில் முன்னேற்றமே தெரியவில்லையா என்றால், தெரிந்தது. இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை ஆறு மாதத்தில் எதுவுமே செய்யாமல் இருந்தாலும் வளரத்தான் செய்வான். தினமும் ஒரு மணி நேரம் ஒரு பெரியவர் அவனை மட்டும் பார்த்து, அவன் பேர் சொல்லிப் பேசி, கை தட்டுகிறார். ஒழுங்கான நேர அட்டவணை வந்துவிட்டது. களைத்துப்போய் நன்றாகத் தூங்குகிறான், தூங்கி எழுந்தவன் கொஞ்சம் சாந்தமாக இருக்கிறான். நாம் சென்டரைத் தேடிப் போவதே நிலைமை ரொம்ப மோசமான மாதத்தில்தான், அதற்கடுத்த மாதம் பெரும்பாலும் கொஞ்சம் தேறித்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, பணம் கட்டிவிட்டோம், அதனால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் மதிப்பீட்டுத் தாளை நிரப்புவது யார்? நாங்கள்தான். 'கவனம்: 1 முதல் 5 வரை.' என் கணவர் 4 போட்டார், நான் 2 போட்டேன், ஒரே பிள்ளை, ஒரே நாள்.

வங்கிக்காரப் புத்தி, எனக்கு இது ஒத்துவரவில்லை. அதனால் ஒரு நோட்டுப் போட்டேன். கவனம், ஒருங்கிணைப்பு மாதிரி அளக்க முடியாத வார்த்தை எதுவும் அதில் கிடையாது. சட்டையில் எத்தனை பொத்தான் தானாகப் போட்டான், மாடிப்படியில் கைப்பிடியை விட்டு எத்தனை படி இறங்கினான், சாப்பாட்டுக்குத் தட்டு முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்தான். மாதத் தொடக்கத்தில் ஒரு வீடியோ, அதே சட்டை, அதே இடம், நான் கூட நின்று உசுப்பாமல். அதைப் பார்த்தபோது விஷயம் பளிச்சென்று தெரிந்தது. பேலன்ஸ் போர்டில் நிற்பதில் அவன் நன்றாகத் தேறியிருந்தான். பொத்தான், படி, தட்டு மூன்றும் இருந்த இடத்திலேயே இருந்தன. எதைப் பழகினானோ அதில் மட்டும் தேறியிருந்தான். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியபோது, இன்னும் அடித்தளம் முடியவில்லை, இன்னொரு பேக்கேஜ் வேண்டும் என்றார்கள். நின்றுவிட்டோம்.

அதன் பிறகு எங்களுக்குக் கிடைத்த ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர்) வேறு மாதிரி. முதல் நாள் அவர் கேட்ட கேள்வி, "காலையில் எழுந்ததிலிருந்து பள்ளிக்கூடம் கிளம்பும் வரை எந்த இடத்தில் சண்டை வருகிறது?" சட்டை போடும்போது என்றேன். அப்படியானால் அதிலேயே ஆரம்பிப்போம் என்றார். மூளையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பொத்தானை எப்படிச் சொல்லிக்கொடுத்தார் என்பதை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இது எந்தச் செலவும் இல்லாமல் வீட்டில் செய்யக்கூடியது. பெரிய பொத்தான் வைத்த ஒரு பழைய சட்டை, துளையைக் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டோம். சட்டையை மேசையில் விரிக்காமல் அவன் உடம்பில் போட்டே பழக்கினோம், பார்க்கும் கோணம் மாறிவிடக்கூடாது என்பதற்காக. கடைசிப் படியிலிருந்து தொடங்கினோம். அதாவது பொத்தானைத் துளையில் முக்கால்வாசி நான் நுழைத்துவிடுவேன், அவன் இழுத்து விட்டால் போதும். முடித்தது அவன், அதனால் சந்தோஷமும் அவனுக்கு. அது பழகியதும் பாதி நுழைத்துக் கொடுத்தேன், அப்புறம் நுனியை மட்டும். நடுவில் இருக்கும் பொத்தான் முதலில், கழுத்துப் பொத்தான் கடைசியில், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது. "போடு, போடு" என்று பின்னாலிருந்து நச்சரிக்கக் கூடாது. ஒரு தடவை சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து எண்ண வேண்டும், அம்மாக்களுக்கு இதுதான் பெரிய பயிற்சி. காலை அவசரத்தில் பழக்கக்கூடாது என்று ஓ.டி. கண்டிப்பாகச் சொன்னார். சாயங்காலம் வீட்டுச் சட்டை மாற்றும்போது பழகி, காலையில் நாங்களே போட்டுவிட்டோம். பள்ளிச் சட்டைக்கு அது வந்து சேர ஒரு பருவம் முழுக்க ஆயிற்று, ஆனால் வந்தது, வந்தது போகவில்லை.

இப்படிச் செய்வது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்தது இல்லை. கை கால் ஒருங்கிணைப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக 2019-இல் வந்த சர்வதேசப் பரிந்துரைகளும், பிள்ளைக்குத் தேவையான செயலையே எடுத்துப் பழக்கும் முறைகளைத்தான் முன்னால் வைக்கின்றன. மூளை முடக்குவாதத்துக்கு ஆஸ்திரேலியாவின் அயோனா நோவக் குழு 2013-இல் இருந்த சிகிச்சைகளையெல்லாம் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று சிக்னல் விளக்கு மாதிரி பிரித்துக் காட்டியது. பிள்ளை சும்மா படுத்திருக்க, பெரியவர் அசைத்துவிடும் முறைகள் அதில் தேறவில்லை. பிள்ளை தானே முயன்று, தனக்கு வேண்டிய ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் முறைகள் பச்சையில் வந்தன. எங்கள் தெருவில் ஒரு பெண் குழந்தைக்கு வலப்பக்கம் பலவீனம். நல்ல கையான இடது கைக்கு உறை மாட்டிவிட்டு வலது கையாலேயே விளையாட வைத்தார்கள், அதுவும் பச்சைப் பட்டியலில் உள்ளதுதான். கவனியுங்கள், இதெல்லாமும் மூளையை மாற்றும் பயிற்சிதான். பழகினால் மூளை மாறும் என்பதை யாரும் மறுக்கவில்லை. எதைப் பழகினால் எது மாறும் என்பதில்தான் வியாபாரம் புகுந்துவிடுகிறது.

சைக்கிள் இதே வழியில் வந்தது. பக்கச் சக்கரம் வைத்தவரை சாய்ந்தே ஓட்டினான். பெடலைக் கழற்றிவிட்டு, சீட்டைத் தாழ்த்தி, காலால் உந்தி உந்திப் போக விட்டோம். காலைத் தூக்கி மிதக்கிற தைரியம் வந்த பிறகுதான் பெடலை மாட்டினோம். நீச்சலுக்கு அதிகம் செலவழித்தேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் தண்ணீரில் மூழ்கும் ஆபத்து மற்ற பிள்ளைகளைவிட அதிகம். சொல்லாமல் கிளம்பிப் போகிறவர்கள், தண்ணீரைக் கண்டால் நேராக அதை நோக்கிப் போகிறவர்கள், தாமிரபரணிக் கரையில் இருந்துகொண்டு இதை நான் சும்மா விட முடியுமா? நீச்சல் தெரிந்தாலும் கூட ஆள் வேண்டும், அது வேறு.

ஊஞ்சல், கனமான போர்வை, ஜிம் பால் பற்றியும் கேட்பீர்கள். 1970-களில் ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க ஓ.டி. முன்வைத்த உணர்வு ஒருங்கிணைப்புக் கொள்கையிலிருந்து வந்தவை இவை. இதைச் செய்தால் என்ன எதிர்பார்க்கிறோம் என்று முதலிலேயே பேசிக்கொண்டு, குறிப்பிட்ட காலத்துக்குப் பின் பலன் பார்த்துத் தொடர வேண்டும் என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2012-இல் சொன்னது. எங்கள் வீட்டில் ஹாலில் ஒரு தூளி தொங்குகிறது, பழைய காட்டன் சேலை. பள்ளி விட்டு வந்ததும் அதில் சுருண்டு கொள்வான், அந்த நேரத்துக்கு அமைதியாகிறான். பிடித்திருக்கிறது, ஆபத்தில்லை, போதும். சுற்றி விடுவது மட்டும் வேண்டாம் என்று வைத்திருக்கிறோம், வாந்தி எடுத்துவிடுவான்.

ஆபத்து என்றதும் சிலவற்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்து எலும்பு மூட்டு தளர்வாக இருக்கலாம்; டாக்டரிடம் கேட்காமல் ட்ராம்போலின், குட்டிக்கரணம், தலைகீழ்ப் பயிற்சி எதுவும் கூடாது. வலிப்பு வரும் பிள்ளைக்கு மினுக்கும் விளக்கை வைத்துக் கண் பயிற்சி என்றால் நரம்பியல் டாக்டருக்குத் தெரியாமல் ஆரம்பிக்காதீர்கள். மாத்திரையை நிறுத்தினால்தான் பயிற்சி பிடிக்கும் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் இரண்டாம் முறை போக வேண்டியதில்லை, வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே வினையாகும். அழுகிற பிள்ளையை நாலு பேர் அமுக்கிப் பிடித்துச் செய்யும் எதுவும் பயிற்சி ஆகாது. பேச முடியாத பிள்ளைக்கு அழுகைதான் பதில். கதவை மூடிக்கொண்டு, பெற்றோர் வெளியே இருங்கள் என்று சொல்லும் இடமும் எனக்கு ஆகாது, ஒரு கண்ணாடி ஜன்னலாவது வேண்டும்.

புதிதாக ஒரு சென்டருக்குப் போனால் நான் இப்போது கேட்பது கொஞ்சம்தான். மூன்று மாதத்தில் இவன் வீட்டில் எதைப் புதிதாகச் செய்வான், எனக்குக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒன்றைச் சொல்லுங்கள் என்பேன். 'பிரெயின் பேலன்ஸ் கூடும்' என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அது நடக்கவில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்பது அடுத்தது. நல்ல தெரபிஸ்ட் முறையை மாற்றுவோம் என்பார், மற்றவர்கள் நீங்கள் வீட்டில் சரியாகச் செய்திருக்க மாட்டீர்கள் என்பார்கள். யார் பிள்ளையைக் கையாளப் போகிறார்கள், என்ன படித்திருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும். ஸ்பீச் தெரபிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர் என்றால் ஆர்.சி.ஐ (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு எண் இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். ஆட்டிசம், ஏ.டி.எச்.டி, டிஸ்லெக்சியா, மூளை முடக்குவாதம், மெதுவாகக் கற்பது எல்லாவற்றுக்கும் ஒரே பயிற்சி என்று பலகையில் எழுதியிருந்தால் படியேறவே வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள், ரசீது வாங்காமல் வராதீர்கள். பழைய பெற்றோரின் வீடியோக்களை அவர்களே காட்டுவார்கள், நின்றுபோன பெற்றோர் ஒருவரின் நம்பர் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

காசில்லாமல் கிடைப்பதும் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே என்ற அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தொடக்கநிலைத் தலையீட்டு மையங்கள் இருக்கின்றன, டி.இ.ஐ.சி என்று கேட்டால் அரசு மருத்துவமனையில் காட்டுவார்கள். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டியிருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்புகளும் உண்டு, எங்கள் பக்கத்துக்கு ஆய்க்குடி அமர் சேவா சங்கம், சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம், வித்யாசாகர். யூ.டி.ஐ.டி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்துவிடுங்கள். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு, தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு கோரலாம். ரசீது வாங்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

இப்போது எங்கள் நோட்டில் இருப்பது மூன்று. தனியாகக் குளித்துவிட்டுத் தலை துவட்டுவது, தோசைக் கரண்டியால் தோசையைத் திருப்பிப் போடுவது, பக்கத்துக் கடைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கி மீதிச் சில்லறையோடு திரும்புவது. தோசை இரண்டில் ஒன்று கிழிகிறது, கிழிந்ததை அவன் அப்பா சாப்பிடுகிறார். ஷூ லேஸ் கட்டுவதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம், வெல்க்ரோ வைத்த ஷூ கடையில் கிடைக்கிறதே.